கைக்கு வந்ததும் மனத்துக்கு உகந்ததும்

இன்பம் பற்றிய தீர்ப்புகளில் வாதத்துக்கு இடமில்லை என்பதை விளக்க முற்பட்ட இம்மானுவேல் கான்ற், 1790 இல் வெளிவந்த தமது தீர்ப்பாற்றல் பற்றிய விமரிசன நூலில் இசைக்கருவிகளையே உதாரணமாக எடுத்துக்கொண்டார். ஒருவனுக்குத் துளைக்கருவியின் ஒலி இனிக்கின்றது. மற்றொருவனுக்கு நரம்புக்கருவியின் ஒலி இனிக்கின்றது. இதன்பொருட்டு ஒருவரையொருவர் தவறுடையவரென்று கூறி வழக்காடுதல் பேதைமை என்பது அவர் கருத்து. அழகு பற்றிய தீர்ப்பு பிறரது இசைவையும் வேண்டி நிற்பது. இனிமை பற்றிய தீர்ப்போ அவரவர் புலனோடு முடிந்துவிடுவது. இவ்வேறுபாட்டை ஏற்றுக்கொள்வோமாயின், கிற்றார் வாசிப்போர் தமக்கு விருப்பமான கிற்றார் எதுவெனப் பேசிக்கொள்ளும் இடத்தில் மெய்யியலாளனுக்கு வேலை ஏதுமில்லை. ஒருவர் நைலோன் நரம்பு பூட்டியதை விரும்புவார், ஒருவர் உருக்கு நரம்பு பூட்டியதை விரும்புவார், இன்னொருவர் மின்கிற்றாரை விரும்புவார், அவ்வளவே.

நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் எனக்கு மிகவும் வசதியாகவும் இருந்தது. வசதியாக இருந்தது என்பதே இப்போது அதன்மீது எனக்கு ஐயத்தைத் தோற்றுவித்துள்ளது. அதன் காரணத்தைப் பின்னர் கூறுவேன்.

கிற்றார் என்னும் ஒரு பெயரால் நாம் வழங்குவன உண்மையில் மூன்று வேறு கருவிகள். முதலாவது ஸ்பானியக் கிற்றார். அந்தோனியோ தெ தொறெஸ் (1817–1892) என்னும் கைவினைஞர் அதற்கு இன்றுள்ள அளவையும் அமைப்பையும் வகுத்தார். ஒலியின் மூலம் மேற்பலகையே என்பதை மெய்ப்பிக்க விரும்பிய அவர், 1862 இல் முதுகையும் பக்கங்களையும் காகிதக்கூழ் அட்டையாற் செய்து ஒரு கிற்றாரை அமைத்தார் என்பது சுவையான செய்தி. குடல்நரம்பு பூட்டப்பெற்று வந்த அக்கருவிக்கு நைலோன் நரம்பு வந்தது இரண்டாம் உலகப் போரை அடுத்தேயாகும். இரண்டாவது, அமெரிக்காவில் வளர்ச்சி பெற்ற உருக்கு நரம்புக் கிற்றார். மாட்டின் நிறுவனத்தார் 1916 இல் முதன்முதலாக அமைத்த அகன்ற உடலையுடைய வடிவமே இன்று எங்கள் ஊர்க் கடைகளிலும் தொங்குகின்றது. மூன்றாவது, 1930களிற் தோன்றிய மின்கிற்றார். இவற்றுக்கிடையிலுள்ள வேறுபாடு காதளவில் நின்றுவிடுவதில்லை. நைலோன் நரம்புகள் ஆறும் சேர்ந்து மேற்பலகையை ஏறத்தாழ 40 கிலோகிராம் விசையுடன் இழுக்கின்றன; உருக்கு நரம்புகளின் இழுவை ஏறத்தாழ 70 கிலோகிராம். உருக்கு நரம்பை நைலோன் கிற்றாரிற் பூட்டினால் பலகை வளையும், அடிக்கட்டை பெயரும். கழுத்தின் அகலம் வேறு. விரல்நுனி கொள்ளும் அழுத்தம் வேறு. ஒருவகையிற் பத்தாண்டு பழகிய கை மற்றவகையில் தடுமாறும். ஆதலால் வகையைத் தெரிந்துகொள்ளுதல் என்பது, தன் உடலை ஒரு வழியிற் பழக்கிக்கொள்ள உடன்படுவதாகும். கான்ற் காட்டிய இருவரும் கேட்போர். வாசிப்போன் நிலை அவர்களுடையதிலிருந்து வேறுபட்டது.

இவ்விருப்பங்கள் பற்றி மனிதர் வழக்காடியே வந்துள்ளனர் என்பதும் கவனத்துக்குரியது. 1965 யூலை 25 ஆம் நாள் நியூபோட் நாட்டார் இசைவிழாவிற் பொப் டிலன் மின்கிற்றாருடன் மேடையேறியபோது கூட்டத்தில் ஒரு சாரார் கூச்சலிட்டனர். எதன்பொருட்டுக் கூச்சலிட்டனர் என்பது இன்றுவரை வாதத்துக்குரியதாக இருக்கின்றது. ஒலியமைப்பின் குறையே காரணம் என்போரும் உளர். ஆயினும் கருவி மாறியதைக் கட்சி மாறியதாகக் கொண்டோர் அங்கே இருந்தனர் என்பதில் ஐயமில்லை. ஆந்திரே செகோவியா மின்கிற்றாரை இறுதிவரை ஏற்றுக்கொள்ளவில்லை. இவர்கள் எல்லோரையும் பேதையர் என ஒதுக்கிவிடுதல் எளிது. நான் அவ்வாறு ஒதுக்கத் துணியவில்லை.

விருப்பம் எங்கிருந்து பிறக்கின்றது என்னும் வினாவே இதனிலும் ஆழமானது. கிற்றாரின் விரற்பலகைக்குக் கருங்காலி மரத்தைச் சிறந்ததாகக் கொள்வர். இலங்கையின் உலர்வலயக் காடுகளிலும் ஒருவகைக் கருங்காலி வளர்கின்றது. அதன் பெருமையை எங்கள் ஊர்த் தச்சர்கள் நன்கறிவர். ஆபிரிக்காவிலுள்ள கமரூன் நாட்டிற் கருங்காலி அறுக்கும் ஆலையொன்றை 2011 இல் பங்காளராக வாங்கிய அமெரிக்கக் கிற்றார் உற்பத்தியாளர் பொப் டெயிலர், அங்கே ஒரு செய்தியை அறிந்து திகைத்தார். வெட்டப்படும் பத்து மரங்களில் ஏறத்தாழ ஒன்றே முற்றுங் கருமையாக இருந்தது. வரியோடிய ஏனையவை, வாங்குவாரில்லை என்பதனால், வெட்டிய இடத்திலேயே காட்டில் விடப்பட்டன. வரியோடிய பலகையின் ஒலியிலோ உறுதியிலோ குறை ஏதுமில்லை. கருமையே கருங்காலி என்று கிற்றார் வாசிப்போர் விரும்பினர். அவ்விருப்பமோ அவர்களுக்குக் கறுத்த பலகையே காட்டப்பட்டு வந்ததனால் உண்டானது. அவர்களுள் எவரும் தம் விருப்பத்தைப் பிறர் ஊட்டியதாக உணர்ந்திரார். இது என் விருப்பம், என் கை, என் காசு என்றே சொல்லியிருப்பர்.

செல்வம் மிகுந்த இடத்தில் விருப்பம் இவ்வாறு உருவாகுமாயின், பொருள் அருகிய இடத்தில் அது எவ்வாறு உருவாகும்? இவ்விடத்தில் மட்டக்களப்பு வாவிக்கரைக்கு வரவேண்டியுள்ளது.

போர்த்துக்கேயர் எங்களுக்குக் கிற்றாரைக் கொண்டுவந்தனர் என்று மேடைகளில் எளிதாகச் சொல்லிவிடுகின்றோம். 1628 இல் மட்டக்களப்புக் கோட்டையைக் கட்டி, 1638 இல் ஒல்லாந்தரிடம் அதை இழந்த அவர்களது கையில் நரம்புக்கருவி இருந்திருப்பின், அது தொறெஸ் வகுத்த கிற்றாருக்கு இரு நூற்றாண்டுகள் முற்பட்ட சிறு கருவியாகவே இருந்திருக்கும். ஆயினும் அவர்கள் விட்டுச்சென்ற மொழியையும் ஆடலையும் இசையையும் எங்கள் ஊர்ப் பறங்கியர் காத்து வந்துள்ளனர் என்பது உண்மை. தச்சும் கொல்லும் இயந்திரத் திருத்தமும் அவர்களது தொழில்கள். திருமண வீடுகளிற் கப்ரிஞ்ஞா ஆடலுக்கு வயலினும் மண்டலினும் கிற்றாரும் கைமேளமும் முழங்கும். 1970களில் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் தமிழ்ப் பொப் பாடல்களால் நாடெங்கும் அறியப்பட்டபோது, எங்கள் வீடுகளிலும் கிற்றார் அந்நியக் கருவி என்னும் எண்ணம் ஓரளவு நீங்கியது என்று மூத்தோர் கூறக் கேட்டிருக்கின்றேன்.

கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட எங்கள் ஒழுங்கையில் ஒரு பறங்கித் தச்சர் வாழ்கின்றார். பெயர் குறிப்பதை அவர் விரும்பார். நாங்கள் அவரை அங்கிள் என்றே அழைப்போம். இளமை முதல் உருக்கு நரம்புக் கிற்றாரையே வாசித்துவந்தவர். 2004 டிசெம்பர் 26 இல் வந்த கடல், டச்பார்ப் பகுதியில் அவருடைய சமூகத்தாரிற் பலரைக் கொண்டுபோயிற்று. அவர் உயிர் பிழைத்தார், கிற்றார் போயிற்று. பின்னர் நிவாரணமாகச் சிறுவர்க்கு வழங்கப்பட்ட வாத்தியங்களுள் எஞ்சிய ஒரு நைலோன் கிற்றார் அவருக்குக் கிடைத்தது. கப்ரிஞ்ஞாவுக்கு அதன் ஒலி போதாது. உருக்கு நரம்பைப் பூட்டினார். சில கிழமைகளில், எதிர்பார்க்கக்கூடியவாறே, அடிக்கட்டை பெயர்ந்தது. தச்சரல்லவா? உள்ளே ஒரு சட்டம் வைத்து, இரண்டு திருகாணிகளால் இறுக்கி, பசையிட்டு மீண்டும் நிறுத்தினார். உப்புக்காற்றில் நரம்புகள் விரைவிற் துருவேறும். அறுந்த நரம்புக்குப் பதிலாகச் சைக்கிள் பிறேக் கம்பியின் ஓரிழையை அவர் பூட்டியதையும் கண்டிருக்கின்றேன். அக்கருவியின் ஒலி எவ்வகைக்கும் உரியதன்று. நைலோன் கிற்றாரின் மென்மையும் அதில் இல்லை. உருக்குக் கிற்றாரின் மணியொலியும் இல்லை. ஒருவித அடைத்த குரல். ஆனால் அதனுடன் அவர் வாசிக்கும் தாளநடையைக் கேட்டபின் வேறொன்று எனக்கு உவப்பதில்லை.

2021 இன் இறுதியில் அவுஸ்திரேலியாவிலிருந்து அவருடைய சகோதரியின் மகன் ஒரு புதிய கிற்றாரை அனுப்பினார். அகன்ற உடலையுடைய நல்ல உருக்கு நரம்புக் கிற்றார். இழந்ததைப் போன்ற வகை. ஒரு திருமண வீட்டில் அதை வாசித்தார். சில மாதங்களின் பின் என்னை அழைத்தார்.

“நல்ல சாமான்தான் மனே. ஆனா என்ட கை அதுக்குள்ள போகுதில்ல. நீ வச்சு அடி. எனக்கு இது போதும்.”

கான்ற் கூறிய இனிமைத் தீர்ப்பு இதுவே எனக் கொண்டேன். அவருக்குப் பழையது இனிக்கின்றது, எனக்குப் புதியது இனிக்கின்றது, இதில் வழக்கில்லை. அந்தக் கிற்றார் பல்கலைக்கழக விடுதியில் என்னுடன் இருந்தது.

இரண்டாம் வருட மெய்யியல் வகுப்பிலேதான் இவ்வமைதி குலைந்தது. நோர்வே நாட்டு அறிஞர் யோன் எல்ஸ்ரர் 1983 இல் வெளியிட்ட ‘புளித்த திராட்சை’ என்னும் பொருள்படும் நூலில், ஈசாப்பின் நரியைக் கொண்டு ஒரு கோட்பாட்டை விளக்குகின்றார். எட்டாத பழத்தைப் புளிக்கும் என்று சொல்லும் நரி பொய் சொல்லவில்லை; அதன் விருப்பமே, அது அறியாமல், அதன் முதுகுக்குப் பின்னால் மாறிவிட்டது. கிடைக்கக்கூடியதற்கு ஏற்பச் சுருங்கிக்கொண்ட விருப்பத்தை, அவ்வுயிரின் நலத்துக்குச் சான்றாகக் கொள்ளலாமா என்பதே அவரது வினா. அமர்த்தியா சென்னும் மாதா நுஸ்பௌமும் வறியோரது மனநிறைவு பற்றி எழுப்பிய வினாவும் இதனோடு உறவுடையது. நெடுங்காலம் குறைவாகப் பெற்றவன் குறைவாகவே வேண்டக் கற்றுக்கொள்கின்றான். அவன் முறையிடவில்லை என்பதை வைத்து அவனுக்குக் குறை இல்லை எனக் கணக்கு முடித்தல் தகாது.

இதற்கு மறுப்பு இல்லாமலில்லை. அமெரிக்கப் பாடகர் வில்லி நெல்சன் 1969 இல் தமது கிற்றார் சேதமடைந்தபோது, கண்ணாற் காணாமலே ஒரு மாட்டின் நைலோன் கிற்றாரை வாங்கினார். மேற்பலகையில் ஓட்டை விழும்வரை அதை வாசித்தார். எத்தனை கிற்றாரும் வாங்கக்கூடிய செல்வம் வந்த பின்னும் அதை விடவில்லை. தற்செயலாகக் கைக்கு வந்தது அவர் மனத்துக்கு உகந்ததாயிற்று. ரோனி அயோமி 1965 இல் தொழிற்சாலை விபத்தில் இரண்டு விரல்களின் நுனிகளை இழந்தார். வலி பொறுக்கமாட்டாமல் மெல்லிய நரம்புகளைத் தேடினார். பின்னர் சுருதியைத் தாழ்த்தி இழுவையைக் குறைத்தார். அந்தக் கனத்த ஒலியிலிருந்து ஓர் இசைவகையே கிளைத்தது. கட்டுப்பாட்டினுள் நின்று செய்யும் தெரிவும் தெரிவே என்பதை இவை காட்டுகின்றன. எல்ஸ்ரரும் இதை அறிவார். தன்னறிவுடன் ஒருவன் தன் விருப்பத்தைத் திருத்திக்கொள்வதை நரியின் மாற்றத்தினின்றும் அவர் வேறுபடுத்துகின்றார். ஆயின் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அயோமி தம் காயத்தைப் பற்றி அது எனக்கு ஒரு வழியைத் திறந்தது என்று கூறலாம். அந்தத் தொழிற்சாலையின் முதலாளி அவ்வாறு கூற இயலாது. ஒரே வாக்கியந்தான், சொல்வோன் மாறும்போது அதன் ஒழுக்கப் பெறுமானமும் மாறிவிடுகின்றது. ‘எனக்கு இது போதும்’ என்பது மேன்மையான கூற்று. ‘அவருக்கு அது போதும்’ என்பது, கூறுவோன் அதனால் இலாபம் அடைபவனாக இருக்கும்போது, மிகவும் ஐயத்துக்குரிய கூற்று.

ஏக்கமின்மை இழப்பின்மைக்குச் சான்றாகாது என்பதை விளக்க, வேற்றுநாட்டு ஆசிரியரிடம் செல்லவேண்டியதும் இல்லை. 1892 இல் காரைதீவிற் பிறந்து, 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்த சுவாமி விபுலாநந்தரின் வாழ்வே போதிய சான்று. சங்க காலத்துப் பாணருள் பேரியாழ் உடையோர் பெரும்பாணர், சீறியாழ் உடையோர் சிறுபாணர் என்று கருவியின் வகையாலேயே பெயர் பெற்றனர். அவர்களுக்கு அது விருப்பமா, பிறப்பா என்பது தனி ஆராய்ச்சி. பேரியாழுக்கு 21 நரம்பும் செங்கோட்டியாழுக்கு 7 நரம்பும் உண்டென உரைகள் பேச, கருவியோ தமிழர் கையிலிருந்து முற்றாக மறைந்துவிட்டது. மறைந்தபின் அதற்காக ஏங்கியவரும் இல்லை. வீணை இருந்தது, வயலின் வந்தது, எங்கள் பக்கத்திற் கிற்றாரும் வந்தது. எல்லோரும் இருப்பவற்றுள் விரும்பினர். இந்நிறைவை நிறைவென்று கொள்ளாது, பல ஆண்டுகள் நூல்களிலும் கணிதத்திலும் மூழ்கி, அந்த யாழ்களின் உருவத்தையும் சுரநிலைகளையும் மீட்க முயன்றார் அவர். 1947 யூனில் திருக்கொள்ளம்பூதூரில் யாழ்நூல் அரங்கேறியது. அடுத்த மாதம் அவர் மறைந்தார். இன்றும் யாழை விரும்புவோர் மிகச் சிலரே. எனினும், விரும்பாமைக்கும் விரும்ப வாய்ப்பில்லாமைக்கும் உள்ள தூரத்தை அந்நூல் எனக்கு உணர்த்துகின்றது.

மீண்டும் எங்கள் ஒழுங்கைக்கு வருவோம். அங்கிளின் தெரிவு நரியின் தெரிவா, நெல்சனின் தெரிவா என்பதைக் காண ஒரு சோதனை உண்டு. எட்டாதிருந்தது எட்டக்கூடியதான பின்னும் ஒருவர் பழையதையே கொள்வாராயின், அவ்விருப்பம் சுருங்கிய விருப்பம் ஆகாது. புதிய கிற்றார் வந்தது; அவர் பழையதைக் கொண்டார்; சோதனையில் தேறிவிட்டார் என்று நெடுநாள் எனக்கு நானே கூறிக்கொண்டேன். ஆனால் புதிய கிற்றார் அவருக்கு உண்மையில் எட்டியதா? அவர் அதை என்னிடம் தந்தது 2022 இன் நடுப்பகுதி. ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த பெறுமதி அப்போது 350 ரூபாவையும் கடந்திருந்தது. நரம்புகள் யாவும் இறக்குமதிப் பொருள்கள். தச்சு வேலைக்கு அழைப்போரும் அருகியிருந்தனர். பழைய கிற்றாரில் அறுந்த இடத்திற் பிறேக் கம்பியைப் பூட்டலாம். அதன் அடைத்த குரல் அதையும் தாங்கிக்கொள்ளும். சகோதரி மகன் ஆசையோடு அனுப்பிய கருவியிற் துருப்பிடித்த நரம்பைத் தொங்கவிட அவர் மனம் இசைந்திராது. கை போகவில்லை என்று அவர் சொன்னது கையைப் பற்றித்தானா? இழந்ததைப் போன்ற வகை என்று நான் மேலே எழுதினேன். நாற்பது ஆண்டு பழகிய வகையில் அவருடைய கை போகாமலிருக்க நியாயம் என்ன? அல்லது அதை எடுக்கும்போதெல்லாம் கடல் கொண்டது நினைவுக்கு வந்ததா? இவற்றுள் ஒன்றையும் நான் அன்று கேட்கவில்லை. கேளாதிருந்ததற்கு மரியாதை என்று பெயர் வைத்திருந்தேன்.

கடந்த விடுமுறையில் அந்தக் கிற்றாரை ஊருக்கு எடுத்துச் சென்றேன். மூன்று கட்டு நரம்புகளும் கொண்டு சென்றேன். அதிக விலைதான், எனக்கு மாதந்தோறும் கிடைக்கும் உதவுதொகையிற் சேர்த்தது. திண்ணையில் இரண்டு கிற்றார்களும் இருந்தன. நரம்பு ஒரு காரணமா என்று கேட்டேன். அவர் உடனே விடை கூறவில்லை. கட்டொன்றைப் பிரித்து மணந்து பார்த்தார்.

“இத முந்திக் கேட்டிருக்கலாமே மனே.”

பின்னர் புதிய கிற்றாரை மடியில் வைத்து, துருவேறிய நரம்புகளைக் கழற்றி, ஆறையும் மாற்றிச் சுருதி கூட்டினார். ஒரு கப்ரிஞ்ஞா முழுவதும் வாசித்தார். கை எங்கும் தடைப்படவில்லை. வாசித்து முடித்து அதைச் சுவரில் தம் பக்கத்து ஆணியிலே மாட்டிவிட்டு, பழையதை எடுத்து என்னிடம் நீட்டாமல் தாமே மீண்டும் தொடங்கினார். பொழுதுபடும்வரை அதையே வாசித்துக்கொண்டிருந்தார். இரண்டும் இப்போது அங்கேதான் இருக்கின்றன.